அழைக்காத பெயருக்கு உள்ளேன் சொன்னவர்

மானகிரியில் எங்கள் பூர்வீக வீட்டு வாசலில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் மேஜர் செபஸ்தியம்மாள் அதன் முன்னால் எதற்காகப் போய் நின்றார்? அந்தத் தூணை அவர் மதித்ததில்லை. அதை நிறுத்தியவரையும் மதித்ததில்லை. அங்கே ஒலிபெருக்கியில் முழங்கிய வீர வசனங்களைக் கேட்கும்போதெல்லாம், காலாவதியான மருந்துப் புட்டியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை அவர் முகத்தில் இருக்கும். ஆனாலும் ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை. வரலாறு படித்து, வரலாறு கற்பித்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் விருப்பமில்லை. அவர் என் அத்தை. என் அப்பாவின் தங்கை. அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற வாரம் அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனராகத்தான் வந்தது. காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். அறையை விட்டு வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், பெரியப்பா மகன் அந்தோணிராஜ் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான போர் உடை, கையில் எந்திரத் துப்பாக்கி, பின்னால் ஒரு டாங்கி, மேலே இரண்டு போர் விமானங்கள். அந்த உடம்பின்மேல் என் அத்தையின் தலை. வாக்காளர் அட்டைப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. உடம்புக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. ஓரத்தில் அண்ணன் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. சிமெண்டும் கம்பியும் விற்கிறார். படத்துக்குக் கீழே எனக்கு ஒரு வரி: "பேரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுத்தா, பிரிண்டுக்குக் குடுக்கணும்."

'வீரமங்கை மேஜர் செபஸ்தியம்மாள் அவர்களுக்கு வீரவணக்கம்' என்பதில் எழுத்துப்பிழை இல்லை. மற்ற எல்லாமே பிழை. அத்தை தம் பணிக்காலம் முழுவதும் ராணுவ மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவர். கத்தரிக்கோலும் கட்டுத்துணியும் பிடித்த கை அது. நான் அண்ணனைக் கூப்பிட்டு, எப்போது என்று கேட்டேன். விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார். பிறகு, துப்பாக்கி இல்லாத உடம்பு ஃப்ளெக்ஸ் கடையில் கிடைக்கவில்லை என்றார்.

எங்கள் குடும்பத்தைச் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்தார் வீடு என்பார்கள். தொடங்கியது தாத்தா. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனார், போனது சமையல்காரராக. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரும் வெட்கப்பட்டதில்லை. வெட்கம் அடுத்தடுத்த தலைமுறைக்குத்தான் வந்தது. அண்ணன் சொல்லும் கதையில் தாத்தா ஜப்பானியச் சிப்பாய்களைத் தனியாளாக மடக்குவார். ஆண்டுக்கு ஆண்டு சிப்பாய்கள் கூடிக்கொண்டே போவார்கள். அத்தையிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "எங்கப்பா ஜப்பான்காரனைக் கண்ணால பாத்ததில்லடி. அவர் பாத்ததெல்லாம் பருப்பும் விறகும்தான். அதுவும் பல நாள் கெடைக்கல" என்றார்.

தாத்தாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும், சாப்பிட உட்காருவதற்கு முன் சில பெயர்களைச் சொல்வாராம். அவரோடு பர்மாவில் இருந்து, திரும்பி வராதவர்களின் பெயர்கள். தெலுங்கர், மலையாளி, வங்காளி, நம் பக்கத்துக்காரர்கள் இரண்டொருவர். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகளில் ஒருவர் 'உள்ளேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். உரை கிடையாது, பாட்டு கிடையாது. "மொகமே தெரியாதவுகளுக்கெல்லாம் உள்ளேன் சொல்லிட்டு நாங்க சோறு திம்போம். ஏன்னு கேட்டதில்ல. அந்த ஆளுகளுக்கும் சேத்து ஒரு கவளம் உருட்டி வைப்பாரு எங்கப்பா" என்று அத்தை சொல்லியிருக்கிறார். இந்த வழக்கத்தைப் பின்னால் அண்ணன் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்தபோது பேருந்து நிறுத்தம்வரை மேளம் வைத்துக் கொண்டுபோய் விட்டார்களாம். சில ஆண்டுகள் கழித்து அத்தை ராணுவச் செவிலியர் பயிற்சிக்குத் தேர்வாகிப் புறப்பட்டபோது மேளக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. கண்ட ஆம்பிளைக்கும் பீ மூத்திரம் அள்ளுகிற வேலைக்கு இனி எவன் மாப்பிள்ளையாக வருவான் என்று உறவினர் பேசினார்கள். என் அப்பா மட்டும் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் காரைக்குடி ரயிலடிக்குக் கொண்டுபோனார். அப்பா பள்ளி ஆசிரியர்; பட்டாளத்துக்குப் போகாததால் அந்த வீட்டில் கடைசிவரை அரை மனிதராகவே நடத்தப்பட்டவர். சேவைப் பரம்பரை என்று இன்று மார்தட்டுகிற குடும்பம், சேவைக்குப் போன பெண்ணை வழியனுப்பிய விதம் இது. சொன்னபடியே மாப்பிள்ளையும் வரவில்லை. அதை அத்தை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வங்கதேசப் போரின்போது அவர் கல்கத்தாவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் இளம் லெப்டினன்ட். அந்த மாதங்களைப் பற்றி அவரிடமிருந்து வந்ததெல்லாம் துண்டு துண்டான விஷயங்கள்தான். பூட்ஸைப் பற்றிச் சொல்வார். வீங்கிப்போன கால்களிலிருந்து பூட்ஸைக் கழற்ற முடியாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே விரல்கள் இருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். அதே வார்டில் எதிர்நாட்டுக் கைதிகளும் காயத்தோடு கிடந்தார்கள். அவர்களுக்கும் அவர்தான் கட்டுப் போட்டார். "அறுத்தெடுத்த காலைத் தூக்கிட்டுப் போகையில அது எந்த நாட்டுக் கால்னு கனத்துல தெரியாதுடி" என்றார். இதை ஒரு தத்துவமாக அவர் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, அதே குரலில் சொன்னார்.

அத்தை ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை எங்கள் கல்லூரியில் போர் வெற்றி நாளைக் கொண்டாடினார்கள். என் அத்தை மேஜர் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அழைத்து வரச் சொன்னார்கள். வந்தார். வெள்ளைக் கைத்தறிச் சேலை, பதக்கம் எதுவும் இல்லை. போரில் நீங்கள் செய்த மறக்க முடியாத வீரச்செயல் எது என்று ஒரு மாணவி கேட்டாள். யாரோ எழுதிக்கொடுத்த கேள்வி. அத்தை சற்று யோசித்துவிட்டு, "ஒரு பையனுக்குக் கடைசிவரைக்கும் படுக்கைப்புண் வராமப் பாத்துக்கிட்டேன்" என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் பேராசிரியர்களும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"சிரிச்சு முடிச்சிட்டீகளா? அவன் சிரிக்கல. கழுத்துக்குக் கீழ அவனுக்கு ஒண்ணும் வேலை செய்யல. உங்க வயசுதான்."

அவசரமாக நாட்டுப்பண்ணைப் போட்டார்கள். அதன் பிறகு எங்கள் கல்லூரியிலிருந்து அவருக்கு அழைப்பு போகவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பட்டிமன்றப் பேச்சாளரைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லையில் உறைபனியில் நிற்கும் வீரனைப் பற்றிப் பேசி, தாமும் அழுது மற்றவர்களையும் அழவைத்தார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போனார். அதுவே எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

இனி ஆரோக்கியம் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் அத்தையைப் பற்றி எழுத முடியாது. அத்தைக்கு ஒரே தம்பி, வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. குடும்ப வழக்கப்படி பட்டாளத்துக்கு அனுப்பப்பட்டவர். நன்றாகக் கால்பந்து ஆடுவார், தொடக்கத்தில் அதற்காகவே பட்டாளத்தை விரும்பினார் என்பார்கள். இலங்கைக்கு நம் படை போனபோது அவரும் போனார். ஒரு விடுப்பில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. நான் அப்போது பள்ளிச் சிறுமி. ராணுவப் போலீசார் ஜீப்பில் வந்து அவரை அழைத்துப் போனதும், பெரியப்பா வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வாசலுக்கு வராததும் நினைவிருக்கிறது. தண்டனை முடிந்து, வேலையும் ஓய்வூதியமும் போய், அவர் திரும்பி வந்தார். பெரியப்பா அவரைப் பந்தியில் உட்காரவிடவில்லை. கொல்லைப்புறத்து ஓட்டுச் சாய்ப்பில் இருந்துகொண்டு ஆடு வளர்த்தார். யாரோடும் பேச்சில்லை.

அத்தை விடுப்பில் வரும்போதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போய்விடுவார். ராணுவத்தில் மேஜர் ஆன பெண், ராணுவத்தை விட்டு ஓடியவரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து பெரியப்பாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. அதட்டவும் முடியாது, பதவியில் அவருக்கு மேலே இருந்தார் தங்கை.

சித்தப்பா ஏன் திரும்பிப் போகவில்லை என்பதை அத்தை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். ஒரு தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் சித்தப்பாவிடம் தமிழில் ஏதோ கேட்டிருக்கிறார். தம் மகனைப் பற்றி.

"தமிழ் தெரியாதவன் மாதிரி நின்னேங்கக்கான்னு சொன்னான். யாரும் அப்படி நிக்கச் சொல்லல, நானாத்தான் நின்னேன்னான். அது திரும்பித் திரும்பித் தம்பி தம்பின்னு கூப்பிட்டுச்சாம். அதுக்கு மேல அவன் சொல்லல. நானும் கேக்கல."

அதுவும் முழுக் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் முறிவுக்கு ஒரே ஒரு காட்சியைக் காரணமாகக் காட்டுவதை என் மாணவர்கள் செய்தால் மதிப்பெண் குறைப்பேன். ஆனால் அந்தக் காட்சியை எங்கள் குடும்பத்தில் அத்தை ஒருவர்தான் உட்கார்ந்து கேட்டார் என்பது உறுதி. மற்றவர்களுக்கு 'ஓடி வந்தவன்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் சித்தப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். மனைவி, மக்கள் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்களைவிட அன்று ஆடுகளைத் தேடிப் பிடிக்கப் போனவர்கள் அதிகம்.

பெரியப்பாவும் காலமான பிறகு அண்ணன் தூணை நிறுத்தினார். பளபளப்பாக இழைத்த கருங்கல்; உச்சியில் அசோகச் சின்னம்போல ஒன்று, ஆனால் சிங்கங்களின் முகம் நாய்க்குட்டிகளைப்போல இருக்கும். குடும்பத்தில் சீருடை அணிந்து மறைந்தவர்கள் அனைவரின் பெயரும் அதில் உண்டு. கொஞ்ச காலம் ஊர்க்காவல் படையில் இருந்து போக்குவரத்தைச் சரிசெய்த ஒரு மாப்பிள்ளையின் பெயரும் உண்டு. இலங்கைவரை போன சித்தப்பாவின் பெயர் இல்லை.

தாத்தாவின் வழக்கத்தையும் அண்ணன் கல்லறைத் திருநாளிலிருந்து பெயர்த்தெடுத்துக் குடியரசு தினத்தில் நட்டார். கல்லறைத் திருநாளன்று கூட்டம் சேராது, கொடியேற்ற நாள் என்றால் பஞ்சாயத்துத் தலைவராவது வருவார் என்பது அவர் கணக்கு. பந்தல், ஒலிபெருக்கி, மிக்சர் பொட்டலம். தாத்தா சொன்ன பெயர்கள் எல்லாம் போய்விட்டன. அவர்கள் நம் ரத்தமில்லையே. இப்போது நம் பெயர்கள் மட்டும். மைக்கில் அண்ணன் ஒவ்வொரு பெயராக முழங்க, அந்தந்தக் கிளையில் மூத்தவர் 'உள்ளேன்' என்று கத்த வேண்டும். தாத்தாவின் பதக்கங்களை அண்ணன் தம் சட்டையில் குத்தியிருப்பார். முதல் ஆண்டே அத்தை என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "எடது பக்கம் குத்தியிருக்கான் பாரு. செத்தவுக மெடலைச் சொந்தக்காரன் போட்டா வலது பக்கம் போடணும். எடது பக்கம்னா தானே வாங்குனதுன்னு அர்த்தம்."

"சொல்ல வேண்டியதுதானே அத்தை?"

"சொன்னா வலது பக்கத்துக்கும் எதையாச்சும் வாங்கிக் குத்திக்குவான்."

அந்த ஆண்டுதான் அது தொடங்கியது. கடைசிப் பெயரும் முடிந்து, அண்ணன் ஜெய்ஹிந்த் சொல்ல வாயெடுக்கும் முன், மூன்றாவது வரிசையிலிருந்து அத்தை 'உள்ளேன்' என்றார். சத்தமாக இல்லை, மெதுவாகவும் இல்லை. வார்டில் மருத்துவருக்குப் பதில் சொல்லும் குரல். எந்தப் பெயரும் அழைக்கப்படவில்லை. காது மந்தம் என்று நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மறு ஆண்டும் சொன்னார். யாருக்காகச் சொல்கிறார் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு, கடைசிப் பெயர் முடிந்த கணமே பேண்ட் வாத்தியம் முழங்க வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு செய்தார். அத்தை வாத்தியம் ஓயும்வரை நின்று, பிறகு சொன்னார். எதிரியை வளைப்பதைப் பற்றி மைக்கில் நிறையப் பேசுகிற அண்ணனுக்கு, எழுபது வயதுப் பெண்மணியின் ஒரு சொல்லைத் தாண்டிப் போக வழி தெரியவில்லை.

ஏன் அங்கே போகிறீர்கள் என்று நான் நேரடியாகவே கேட்டிருக்கிறேன். கேலிக்கூத்து என்று தெரிந்தும் போய் நின்றால் அதற்கு மதிப்புச் சேர்ப்பதாகாதா என்றும் கேட்டேன். "நீ படிச்சவ. நீ போகாம இருந்துக்க" என்றார். அது விடையா, என்னை அடக்கியதா என்று இன்றும் பிடிபடவில்லை. பெரும்பாலான ஆண்டுகள் நானும் போனேன்; கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

கடந்த கிறிஸ்துமஸ் சமயத்தில் அண்ணன் ஒரு கூடை ஆப்பிளோடு அத்தையைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். நம் வம்சத்தில் ஒரே ஆபீசர் நீங்கள்தான், உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் பெயர் தூணில் முதல் வரியில் இருக்கும் தாத்தா பெயருக்குச் சமமாக நிற்க வேண்டும், இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஒரு பெரிய ராணுவ அதிகாரியை வைத்துத் திறப்பு விழாவே நடத்தலாம் என்றார். இருக்கும்போதே சாவுக்கு விழா ஏற்பாடு செய்கிறோம் என்ற உறுத்தல் அவரிடம் துளியும் இல்லை. அத்தை ஓர் ஆப்பிளை எடுத்து, ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார்.

"ஆரோக்கியம் பேரு?"

"அத்தை, அவுக ஓடி வந்தவுக. தண்டனை வாங்குனவுக. நாளைக்கு ஒரு கர்னல் வந்து கேட்டா நான் மூஞ்சிய எங்குட்டு வச்சுக்கிறது?"

"அப்ப எம்பேரும் வேணாம். போட்டா ரெண்டு பேரும். இல்லாட்டி ஒருத்தரும் இல்ல. இவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

அண்ணன் சிரித்து மழுப்பினார். அவர் போன பிறகு அத்தை என்னிடம், "எம்பேரை மட்டும் வெட்டுனான்னா நீ சும்மா இருக்காத" என்றார். அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை துப்பாக்கி ஏந்திய அந்தப் பேனர்கள். இளைஞர்கள் அவற்றின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வந்திருந்தார். அத்தையை அவர் பார்த்ததே இல்லை என்பதால் சரளமாகப் பேசினார். சிவகங்கைச் சீமையின் வீரப் பெண்களின் வழித்தோன்றல் என்றார். போர்க்களத்தில் குண்டுமழைக்கு நடுவே என்றார். மருத்துவமனை என்ற சொல் அந்த உரையில் ஓரிடத்திலும் வரவில்லை. இறுதி மரியாதைக்கான பியூகிள் இசையை அண்ணன் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் விட்டார். எல்லோரும் தலை குனிந்து நிற்க, நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. யாரும் தலை நிமிரவில்லை. அத்தை இருந்திருந்தால் அன்று அவர் ஒருவர்தான் சிரித்திருப்பார்.

பிறகு பெயர் அழைப்பு. குழிமேட்டில் நின்று அண்ணன் தாத்தாவிலிருந்து தொடங்கினார். கடைசியில் புதிய பெயர்: மேஜர் செபஸ்தியம்மாள். அவர் கிளையில் பதில் சொல்ல யாருமில்லை. அண்ணன் ஒரு நொடி விழித்துவிட்டு, அதே மைக்கில் தாமே 'உள்ளேன்' என்றார். அதோடு, நாளைக்கே கல்தச்சர் வருகிறார், வீரமங்கையின் பெயர் தூணில் பொறிக்கப்படும் என்றும் அறிவித்தார்.

வழக்கமாக அந்த இடத்தில்தான் அத்தையின் குரல் வரும். பலருக்கு அது பழகிப்போயிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிலர் மூன்றாவது வரிசை இருக்க வேண்டிய பக்கமாகத் திரும்பினார்கள். எனக்கு 'உள்ளேன்' என்று சொல்ல வரவில்லை. அது அத்தையின் சொல். நான் சொன்னால் நாடகமாகிவிடும். எனவே வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன்.

"அண்ணே, ஒரு பேரு மட்டும்னா வெட்டக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காக. ஆரோக்கியம் சித்தப்பா பேரும் சேந்து வரணும். நீங்களும் இருந்தீக."

கர்னல் திரும்பி, யார் அவர் என்று அண்ணனிடம் கேட்டார். இத்தனை ஆண்டுகளாக அண்ணன் எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அந்தக் கேள்வி. சித்தப்பாதான் சார், இலங்கைக்குப் போனவுக, என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, கர்னலும் கேட்கவில்லை; வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, போட்டுடுங்களேன், அதிலென்ன என்றார். அண்ணனின் முப்பதாண்டு மானப்பிரச்சினைக்கு ஒரு கர்னல் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். போட்டுருவோம் சார், ரெண்டு பேரையும் போட்டுருவோம், என்று அண்ணன் மைக்கிலேயே சொன்னார். அத்தையைக் குழியில் இறக்கினோம். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள்.

மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

காலையில் நான் மானகிரிக்குப் போனபோது, பிள்ளையார்பட்டிப் பக்கத்திலிருந்து கல்தச்சர் வந்து, சாக்கை விரித்து உளிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் வருவேன் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. ரெண்டு பேருன்னுதான் சொல்லியிருக்கேன், என்று நான் கேட்காமலே சொன்னார். கல்தச்சர் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். சாண் வைத்து அளந்தார். பெயர்கள் முடிகிற இடத்துக்கும் அடியில் இருந்த எழுத்துகளுக்கும் நடுவே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றார். அடியில் இருந்தது அண்ணனின் பெயர், அவர் சிமெண்ட் ஏஜென்சியின் பெயர், கைப்பேசி எண்.

"இந்த அடிக்கட்டை இழைச்சு எடுத்துட்டா ரெண்டு பேருக்கும் தாராளமா எடம் இருக்கு, மொதலாளி."

அண்ணன் குனிந்து தம் பெயரைப் பார்த்தார். சித்தப்பாவின் பெயரைப் பின்பக்கம் வெட்டினால் என்ன என்று கேட்டார். பின்பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. ஓணான்தான் படிக்க வேண்டும். அத்தை பெயரும் பின்பக்கம் என்றால் எனக்குச் சம்மதம் என்றேன். மேஜரைப் பின்பக்கம் போட அவருக்கு மனம் வரவில்லை. பிறகு எண்ணின்மேல் படிந்திருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்தபடி, யாரைப் பார்த்தும் சொல்லாமல், "இதைப் பாத்துட்டு இன்னும் ஆர்டர் வருது" என்றார்.

கல்தச்சர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னொரு நாள் பாப்போம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டும்தான்."

கல்தச்சர் டீயைக் குடித்துவிட்டு, உளிகளைச் சாக்கில் சுருட்டி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். கல்லில் துடைத்த ஈரம் அவர் வண்டி திருப்பத்தில் மறைவதற்குள் காய்ந்துவிட்டது. எனக்குப் பிற்பகல் தேர்வுப் பணி இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

தூணில் உங்கள் பெயர் இல்லை, அத்தை. தம்பியின் பெயரும் இல்லை. நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்று நடந்துவிட்டது. போய் வாருங்கள்.